முத்திரையிட்ட தாமான் கயிறு குறித்து இறவுகுடிக்குச் சென்ற ஓலை

ஞாழல் மலர்க. கடல் அடங்குக. மழை தன் நாளில் பெய்க.

ஞாழல் நாட்டின் பன்னிரு துறைகளுக்கும் உரியவரும், கரையில் நிற்பவனையும் கலத்தில் நிற்பவனையும் ஒரே கண்ணால் பார்ப்பவருமான அரசியார் நன்னாகைத் தேவியாரின் திருவாய்மொழிப்படி, கடல்துறை அமைச்சர் மோசி கண்ணனார் விடுக்கும் ஓலை. அரண்மனைக் கருவூலத்தின் நாயகரும், பதினெட்டுப் பூட்டுகளின் காவலரும், தேவியாருக்குத் தாய்மாமன் மகனும், சென்ற திங்களில் ஐந்தே நாள் வெண்ணாரைக் கலத்தின் தலைவராக இருந்தவரும், இப்போது இறவுகுடித் துறைமாளிகையில் களைப்பாறிக்கொண்டிருப்பவருமான வெளியன் சேந்தனார் கண்டு தெளிக. உமக்கும் உம் இல்லத்தார்க்கும் நலம் உண்டாகுக. இறவுகுடி மக்களுக்கும் நலம் உண்டாகுக. உம்மை விருந்தினராகப் பெற்றிருப்பதால் அவர்களுக்கு அது சற்றுக் கூடுதலாகவே வேண்டியிருக்கும்.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதனோடு, கையிலும் காலிலும் சங்கிலி பூட்டிய தித்தன் என்னும் மீகாமனும் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசுக் கலங்களின் சுக்கானைப் பிடித்தவன் அவன். நடுக்கடலில் அவன் அரச முத்திரையை அவமதித்தான் என்றும், அரசுடைமையான கயிற்றை அறுத்தான் என்றும், முத்திரையை அழித்தவனுக்கு நம் சட்டம் விதிக்கும் தண்டனைப்படி அவன் வலக்கையை மணிக்கட்டோடு வெட்டித் துறைவாயிலில் தொங்கவிட வேண்டும் என்றும் நீர் எழுதியிருந்தீர். வெட்டுவதற்குத் தேவியாரின் ஒப்புதல் ஒன்றே குறை என்றும், அதையும் விரைவில் அனுப்பினால் நன்று என்றும் கடைசி ஏட்டில் சேர்த்திருந்தீர். விரைவு என்பது உமக்கும் தெரிந்த ஒன்று என்று அப்போதுதான் அவையோர் அறிந்துகொண்டனர்.

வெட்டிய கையை மீண்டும் ஒட்டவைக்கும் வித்தை நம் மருத்துவர்களிடம் இல்லாத காரணத்தால், முதலில் விசாரிப்போம் என்றார் தேவியார். விசாரித்தோம். அதன் விவரம் கீழே வருகிறது. நடந்தவற்றுள் பலவற்றின்போது நீர் அங்கேயே இருந்தீர் என்றாலும், எதையும் கண்டதாகத் தெரியவில்லை. ஆகவே முழுவதும் எழுதப்படுகிறது.

அதற்கு முன் ஒரு சிறு துன்பத்தைச் சொல்லியாக வேண்டும். உம் ஓலையைப் படித்துப் பொருள் காண அவையில் அரை நாள் ஆயிற்று. கலத்தின் நடுவே ஓங்கி நிற்பதைப் ‘பெருந்தூண்’ என்று எழுதியிருந்தீர். அதன்மேல் விரிந்ததைத் ‘திரைச்சீலை’ என்றும், கலத்தின் முன்புறத்தைத் ‘தலைவாயில்’ என்றும், பின்புறத்தைக் ‘கொல்லை’ என்றும் எழுதியிருந்தீர். கொல்லையில் நின்றவன் திரைச்சீலையின் கயிற்றை அறுத்தான் என்பதைக் கேட்டு, இது ஏதோ உம் வீட்டுச் சண்டை என்றே முது நீதிபதி நினைத்துவிட்டார்.

வெளியன் சேந்தனாரே, வெண்ணாரை ஒரு மாளிகை அன்று. நீர் தூண் என்றது பாய்மரம். அதன் குறுக்கே கிடக்கும் நீண்ட கழி பருமல். பாய் அதில்தான் கட்டப்படும். பருமலைப் பாயோடு சேர்த்து மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். கலத்தின் முன்தலை அணியம். அலையைக் கிழிப்பது அது. பின்தலையில் சுக்கான் இருக்கிறது. கலம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அதன் கையில். இவை அனைத்துக்கும் கீழே, முன்தலை முதல் பின்தலை வரை முதுகெலும்பாக ஓடும் மரம் எரா. நீர் ஐந்து நாளும் அதன் மேல்தான் பட்டு மெத்தை விரித்துப் படுத்திருந்தீர் என்பதை அறிந்துகொள்க.

இனித் தாமான். இதை மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டுகிறோம். பாயின் கீழ்முனையில் கட்டி, அதை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பயன்படும் கயிறு தாமான். காற்று அளவோடு வரும்போது இழுத்துப் பிடிப்பார்கள். காற்று அடித்து மோதும்போது தளர்த்திவிடுவார்கள். தளர்த்தினால் பாய் காற்றை வழியவிடும், கலம் நிமிரும். தளர்த்தாவிட்டால் பாய் காற்றை முழுதும் வாங்கிக்கொண்டு கலத்தைச் சாய்த்துக் கவிழ்க்கும். ஆகவே நம் கடலோடிகள் எந்தக் கயிற்றை எப்படிக் கட்டினாலும் தாமானை மட்டும் ஒரே இழுப்பில் அவிழும்படிதான் கட்டுவார்கள். காற்று கெட்டுவிட்டாலோ கட்டவே மாட்டார்கள், கையில் பிடித்திருப்பார்கள். இது ஏதோ மறைபொருள் அன்று. இறவுகுடியில் மீன் காயவைக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். கேட்பதற்கு நீர் வாய் திறந்திருக்க வேண்டும். அதுவும் ஆணையிடுவதற்காக அல்லாமல்.

இனி நடந்ததற்கு வருவோம்.

மணித்தீவு அரசியின் மணவிழாவுக்கு நம் தேவியார் அனுப்பிய பொன்விளக்கை ஏற்றிக்கொண்டு, நீரும் முப்பத்து மூன்று பேரும் இறவுகுடித் துறையிலிருந்து புறப்பட்டீர்கள். விளக்கு எங்கே போகிறதோ அங்கே கருவூல நாயகர் போக வேண்டும், கருவூல நாயகர் எங்கே இருக்கிறாரோ அங்கே தலைமை அவருடையதாகவே இருக்க வேண்டும் என்று நீர் கேட்டீர். கேட்டபடி நடந்தது. முதல் நாள் முழுவதும் நீர் பாய்மரத்தடியில் அமர்ந்து, மாலுமிகள் தாமானை இழுப்பதையும் விடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தீர். காலையில் ஐந்து முழம் மிச்சம் கிடந்த கயிறு நண்பகலில் இரண்டு முழமாகவும், பிற்பகலில் எட்டு முழமாகவும் கிடந்தது. வேறு எவரும் இதைக் கண்டு காற்று மாறுகிறது என்று எண்ணியிருப்பார். நீர், எவனோ கயிற்றைத் திருடித் திருடித் திரும்ப வைக்கிறான் என்று முடிவு கட்டினீர்.

மறுநாள் காலை அரக்கைக் காய்ச்சச் சொன்னீர். ஆஞ்சான் கட்டிய முடிச்சுக்கு ஒரு முத்திரை, நங்கூரக் கயிற்றின் முடிச்சுக்கு ஒரு முத்திரை, குடிநீர்ச் சாடியின் வாய்க்கு ஒரு முத்திரை. கடைசியாகத் தாமானை இழுத்து இறுக்கி, கருவூலப் பெட்டிகளுக்குப் போடும் ஏழு சுற்று முடிச்சைப் போட்டு, அதன்மேல் அரக்கை ஊற்றி, ஞாழல் பூ முத்திரையை அழுத்தினீர். தித்தன் சுக்கானைப் பிடித்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் அவன் இதைச் சிரிப்பதற்குரிய காரியம் என்றே நினைத்தானாம். அரக்கு ஆறி இறுகியதும், சுக்கானைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு வந்து, கைகூப்பி, மற்ற முத்திரைகள் இருக்கட்டும், தாமானை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று உம்மிடம் விண்ணப்பித்தான். கயிற்றைத் தொட வேண்டிய தேவை வந்தால் முறைப்படி விண்ணப்பித்தால் முறைப்படி முத்திரை நீக்கப்படும் என்று நீர் விடையளித்தீர். முறை என்ன என்பதையும் விளக்கினீர்: இரண்டு சாட்சிகள் வேண்டும், முத்திரை பழுதின்றி இருப்பதை அவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டும், எழுத்தர் காரணத்தை ஓலையில் எழுத வேண்டும், அதன் பின் நீர் நீக்குவீர்.

கருவூலத்துக்கு இது நல்ல முறைதான். அங்கே பெட்டிகள் கவிழ்வதில்லை.

மூன்றாம் நாள் நண்பகலுக்குச் சற்று முன்பு, மேற்கே கடல் கறுத்து வருவதைத் தித்தன் கண்டான். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அன்று ஒழுங்காக வீசவில்லை. ஓங்கி அடிப்பதும் சட்டென்று ஓய்வதுமாக இருந்தது. அப்படிப்பட்ட காற்றில் கலம் ஒரு பக்கம் சாயும்போது அதைச் சமன் செய்வதற்கென்று, காற்று வரும் பக்கமாகக் கடலுக்கு மேலே ஒரு பலகையை நீட்டிவைப்பார்கள். ஓர் ஆள் அதன் நுனிக்குப் போய் உட்காருவான். அவன் உடம்பின் கனம்தான் கலத்துக்குத் துணை. வெண்ணாரையில் அந்த இடம் கொற்றனுடையது. இறவுகுடிக்காரன், கனத்த உடம்புக்காரன், தித்தனோடு பதினாறு ஆண்டுகள் ஒரே கலத்தில் ஓடியவன். யாரும் ஏவும் முன்பே அவன் பலகையின் நுனிக்குப் போய்விட்டான்.

முதல் அடி விழுந்தது. கலம் சாய்ந்தது. தாமானை விட வேண்டும்; விடுவதற்கு வழியில்லை. தித்தன் உம்மை நோக்கி முத்திரையை நீக்கும்படி கூவினான். நீர் நீக்க மறுத்தீர் என்று எவரும் சொல்லவில்லை. உம்மைக் குறித்து உண்மையல்லாததை எழுத இவ்வமைச்சருக்கு விருப்பமும் இல்லை, தேவையும் இல்லை. நீர் உடனே நடவடிக்கையில் இறங்கினீர். சாட்சிகளை அழைத்தீர். முதல் சாட்சியாக வந்த சமையற்காரன் முத்திரையைத் தொட்டுப் பார்த்துப் பழுதில்லை என்றான். இரண்டாம் சாட்சியாக ஒரு மாலுமி வந்தபோது, ஒரே தொழில் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லக்கூடும் என்று கூறி அவனைத் தள்ளிவிட்டு, கீழ்த்தட்டில் வாந்தியெடுத்துக் கிடந்த விளக்குக் காவலனை எழுப்பி அழைத்துவர ஆள் அனுப்பினீர். எழுத்தரின் எழுத்தாணி உருண்டு ஓடிவிட்டது. அதையும் தேடச் சொன்னீர்.

அவர்கள் எழுத்தாணியைத் தேடிக்கொண்டிருந்தபோது காற்று சட்டென்று ஓய்ந்தது. அதுவரை ஒரு பக்கம் சாய்ந்திருந்த கலம் மறுபக்கம் உருண்டது. கடலுக்கு மேலே நீண்டிருந்த பலகை தண்ணீரில் அடித்து மூழ்கியது. அது மீண்டும் மேலே வந்தபோது அதன் நுனியில் கொற்றன் இல்லை.

இனி வரும் சில வரிகளைத் தித்தன் சொன்னபடியே எழுதியிருக்கிறோம். சாட்சி சொல்பவன் வாயிலிருந்து வந்த சொல்லைத் திருத்தி எழுதக் கூடாது என்பது நம் அவையின் வழக்கம்.

“தலைய வெளிய நீட்டுனான். ஒரு கயிறு எறியற தூரந்தான். எம்பேரச் சொல்லிக் கூப்ட்டான். கலத்தத் திருப்பணும்னா பாயத் தளத்தணும், தாமான விடணும். நான் முத்திரையப் பாத்தேன், அவனப் பாத்தேன், திரும்ப முத்திரையப் பாத்தேன். ரெண்டாவது சாட்சி வந்துட்டு இருக்காருன்னு நாயகர் சொன்னாரு. நான் நின்னேன். மூணு வாட்டி கூப்ட்டான். நாலாவது வாட்டி கூப்பிடல.”

அதன் பிறகுதான் இரண்டாம் அடி விழுந்தது. கலத்தின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. அடித்தட்டில் நீர் புகுந்தது. விளக்குப் பெட்டி உருண்டு ஒருவன் காலை நசுக்கியது. தித்தன் சுக்கானை விட்டு ஓடிவந்து, இடுப்புக் கத்தியை எடுத்து, தாமானை ஒரே வெட்டாக அறுத்தான். பாய் படபடத்து அவிழ்ந்தது. கலம் நிமிர்ந்தது. முப்பத்து மூன்று பேர் பிழைத்தீர்கள்; அந்த முப்பத்து மூவரில் நீரும் ஒருவர் என்பதை உம் ஓலையின் ஐந்து ஏடுகளிலும் தேடிப் பார்த்தோம், காணவில்லை. அறுந்த கயிற்றை முடிந்துகொண்டு, கலத்தைத் திருப்பி, அன்று பொழுது சாயும் வரையும் மறுநாள் முழுவதும் கொற்றனைத் தேடியவன் தித்தன். ஐந்தாம் நாள் இறவுகுடியில் கரையேறியதும் அவனுக்குச் சங்கிலி பூட்டியவர் நீர்.

விசாரணையில் அறுபட்ட கயிற்றின் துண்டும் முன்வைக்கப்பட்டது. அதில் உம் ஏழு சுற்று முடிச்சும், அதன்மேல் ஞாழல் பூவும் இருந்தன. ஓர் இதழும் உடையவில்லை. கத்தி முடிச்சுக்கு நான்கு விரல் தள்ளிப் பட்டிருந்தது. ஆகவே, முத்திரை அழிக்கப்படவில்லை, அழிக்கப்படாத முத்திரைக்காகக் கையை வெட்டச் சட்டம் இல்லை என்று இவ்வமைச்சர் எழுந்து வாதிட்டார். நல்ல வாதம் என்று நீதிபதிகளும் தலையசைத்தார்கள். அத்தோடு வழக்கு முடிந்திருக்கும். முடியவிடாதவன் தித்தனே.

“அப்படியில்லீங்க. நான் முடிச்சத்தான் மொதல்ல பிடிச்சேன். அரக்குல நகம் ஏறல, அதனால அறுத்தேன். ஏறியிருந்தா ஒடைச்சிருப்பேன். அதுக்கு என்னைய விடுங்க, வெட்டுங்க, அது ஒங்க இஷ்டம். ஆனா கயிற அறுத்ததுக்கு எனக்குத் தண்டன வேணாம். அறுக்காம நின்னேன்ல, அதுக்குக் குடுங்க.”

தேவியார் அவனை நோக்கி, தலைவன் ஆணைக்குக் கட்டுப்பட்டு நின்றதைக் குற்றம் என்று ஏன் கூறுகிறாய் என்று வினவினார். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாமான் பிடித்தவனுக்குத் தெரிந்தது அன்று வந்தவருக்குத் தெரியாமல் போகலாம் என்றும், ஆனால் தனக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் தன் கைக்குப் பயந்து நின்றதாகவும் அவன் கூறினான். கூறும்போது தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டே கூறினான். அந்தக் கையை அவன் வெறுப்பதுபோல் தோன்றியது. இவ்வமைச்சர் நாற்பது ஆண்டுகளாக அவையில் அமர்ந்திருக்கிறார். குற்றமற்றவர்கள் தங்களைக் காத்துக்கொள்வதையும் குற்றவாளிகள் தங்களைக் காத்துக்கொள்வதையும் நிறையப் பார்த்திருக்கிறார். தன்னைக் காத்துக்கொள்ள மறுத்தவனை அன்றுதான் பார்த்தார். வெட்கமாக இருந்தது. ஏனென்றால், நீர் வெண்ணாரைக்குத் தலைவராக வேண்டும் என்று கேட்டபோது, அந்த ஆணையில் இரண்டாவதாகக் கையொப்பம் இட்டவர் இவ்வமைச்சரே. அரசியாரின் உறவினரால் ஒரு பயணத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று எண்ணி இட்டார். உம்மைப் பழிக்கும் இந்த ஓலையில் அதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறார்.

இன்னும் ஒன்று தெரியவந்தது. அதை அறிந்தபோதுதான் தேவியாரின் முகம் மாறியது.

கொற்றனின் மனைவி வெள்ளைச்சி இறவுகுடியில் இருக்கிறாள். உம் துறைமாளிகையின் மேல்மாடத்தில் நின்றால் அவள் குடிசையின் கூரை தெரியும். அவளிடம், உன் கணவன் கள்ளுண்டு மயங்கிப் பலகையிலிருந்து தவறி விழுந்தான் என்று உம் ஏவலன் போய்ச் சொல்லியிருக்கிறான். வேறு விதமாக வாய் திறக்கும் மாலுமிக்கும் சங்கிலி உண்டு என்று நீர் அச்சுறுத்தியிருக்கிறீர். ஆகவே முப்பத்தொரு பேர் அவள் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். அவள் அதற்கும் ஒரு காரணத்தைத் தானே கற்பித்துக்கொண்டாள்: தன் கணவன் குடித்துக் கலத்துக்கு இழுக்குத் தேடிவிட்டான், அதனால்தான் தோழர்கள் தன் முகத்தைப் பார்க்க மறுக்கிறார்கள் என்று. கொற்றன் கள்ளைத் தொட்டதில்லை என்று, விசாரிக்க அனுப்பிய எம் ஆளிடம் முப்பத்தொரு பேரும் மறைவாகச் சத்தியம் செய்தார்கள். அவன் மனைவிக்கும் அது தெரியும். தெரிந்தும், கருவூல நாயகர் பொய் சொல்வாரா என்று எண்ணித் தன் கணவனைச் சந்தேகித்துக்கொண்டு பதினெட்டு நாட்களாக அந்தக் குடிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

முத்திரை என்றால் என்ன என்று நீர் எல்லோருக்கும் விளக்குவீராம். உள்ளே இருப்பது உண்மையானது, அதற்கு அரசு பொறுப்பு என்பதற்கான அடையாளம் அது. அதை நீர் நூறு முடிச்சுகளின்மேல் அழுத்தினீர். உம் வாயின்மேல் ஒருமுறை அழுத்தியிருந்தால் போதுமாக இருந்தது.

ஆகவே தேவியாரின் தீர்ப்பு இது.

மீகாமன் தித்தன் தாமானை அறுத்தது குற்றம் அன்று; அவன் கை அவனுடையதே. இனி ஞாழல் நாட்டுக் கலங்களில் தாமான்மேல் பூட்டோ முத்திரையோ அவிழாத முடிச்சோ இடுபவர் எக்குலத்தவராயினும், எவருடைய உறவினராயினும், அடுத்த துறையில் இறக்கிவிடப்படுவார். கடலில் இருக்கும் வரை அதைப் பிடித்திருப்பவனே முத்திரை. வெண்ணாரையின் தலைமை இன்றுமுதல் தித்தனுடையது. அதை அவன் வேண்டாம் என்றான். தண்டனையாகக் கொள்க என்றார் தேவியார். ஏற்றுக்கொண்டான்.

தித்தன் தனக்கென்று கேட்ட தண்டனையும் மறுக்கப்படவில்லை. அவன் வெள்ளைச்சியின் வீட்டுக்குச் சென்று, நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். இந்த ஓலை உம் கையை அடையும் நாளில் அவனும் இறவுகுடியை அடைவான். அவனோடு இவ்வமைச்சரும் வருவார். இட்ட கையொப்பத்தைக் குறித்து அவருக்கும் அங்கே சொல்ல வேண்டியது உண்டு.

நீரும் வர வேண்டும். பல்லக்கு ஆகாது, குடை ஆகாது, ஏவலன் ஆகாது. கலத்தில் வந்த முப்பத்தொரு பேரும் அங்கே நிற்பார்கள். அவர்கள் வாய்க்கு இட்ட தடை இக்கணமே நீங்கியது. அவள் உம்மை உள்ளே அழைக்காவிட்டால் வெளியே நின்று சொல்க. கதவைச் சாத்திவிட்டால் கதவிடம் சொல்க. பலகை மெல்லியது, கேட்கும்.

இது கடல்துறை அமைச்சர் மோசி கண்ணனார் எழுதுவிக்க, அவை எழுத்தர் எழுதி, தேவியார் கேட்டு, ஞாழல் பூப் பொறிக்கப்பட்டது. தட்டாமல் நிறைவேற்றுக.

அவளிடம், உன் கணவன் குடித்து விழுந்தான் என்று நீர் மறுபடியும் சொல்லலாகாது. கடல் கொண்டுபோயிற்று என்றும் சொல்லலாகாது. உன் கணவன் தண்ணீரில் கிடந்து மூன்று முறை கூப்பிட்டான், நான் இரண்டாவது சாட்சிக்காகக் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். இது ஆணை.